கூடுதலாக ஓர் அறை

விழிதியூர்ப் பக்கம் வீடு போதவில்லை என்றால் யாரும் மனு எழுதுவதில்லை, சாய்ப்பு இறக்குகிறார்கள். மூத்தவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கும்போதே கொல்லைச் சுவரை ஒட்டி நாலு கம்பம் நட்டு, மேலே கீற்றோ சிமெண்ட் ஷீட்டோ போட்டு, சமையலை அங்கே மாற்றிவிடுவார்கள். பழைய அடுப்படி வெள்ளையடிக்கப்பட்டுப் புதுத் தம்பதிக்கு அறையாகிவிடும். இரண்டாமவனின் முறை வரும்போது திண்ணையை அடைத்துச் சுவர் எழுப்புவார்கள். கையில் காசு புரண்டால் மாடிக்குப் படி எடுப்பதும் உண்டு. காவிரிக் கடைமடை முழுக்க வீடு இப்படித்தான் வளர்கிறது. இதில் அரசுக்கு வேலை இல்லை. கொத்தனாருக்குத்தான் வேலை.

இதே காரைக்கால் மண்ணில் பிறந்து, பாரிசுக்கு வடக்கே சர்சேல், கார்ஜ்-லெ-கொனெஸ் போன்ற புறநகர்களில் வாழ்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் இருப்பது அடுக்குமாடியின் நாலாவது தளத்தில். சுவர் அவருடையதல்ல, கொல்லை என்று ஒன்று இல்லவே இல்லை. குடும்பம் பெருத்தால் அவர் ‘தொசியே’ போடவேண்டும். அதாவது, வாடகை வீட்டுச் சங்கத்திடம் பெரிய வீடு கேட்டு விண்ணப்பிக்கவேண்டும். பிறகு வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். ‘ஆஷ்-எல்-எம்ல எஃப் நாலு கேட்டிருக்கோம், இன்னும் வரலை’ (அதாவது, சங்கத்திடம் நாலறை வீடு) என்பது அங்கிருந்து வரும் தொலைபேசிப் பேச்சில் வழக்கமாக அடிபடும் சங்கதி. ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள் ஒரே பிரச்சினையை எதிரெதிர் வழிகளில் தீர்க்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் வீட்டுத் திட்டங்களில் உள்ள ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது.

விழிதியூர் காரைக்கால் மாவட்டத்தில், நிரவி கொம்யூனைச் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மொத்த மக்கள் 2,00,222 பேர். சுற்றிலும் தமிழ்நாடு, நிர்வாகம் மட்டும் புதுச்சேரியிலிருந்து. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இந்தத் துண்டு நிலம் 1954 நவம்பர் 1-ல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. இடையில் 1956 மே 28-ல் கையெழுத்தான ஒப்பந்தம், இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது. வேறு நாடுகளில் வசித்தவர்களுக்கு அது தானாகவே நீடித்தது. பிரெஞ்சுப் படையில் இருந்த ‘சொல்தா’க்கள், அரசு அலுவலர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று பல குடும்பங்களின் கையில் அந்தக் காகிதம் நின்றது. அறுபதுகளிலிருந்து அவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறவும் விமானம் ஏறவும் தொடங்கினார்கள்.

அவர்கள் போய் இறங்கிய காலமும் பிரான்சு அடுக்குமாடிகளைக் கட்டித்தள்ளிய காலமும் ஒன்று. போருக்குப் பிறகான வீட்டுப் பஞ்சத்தில் அந்த நாடு திணறிக்கொண்டிருந்தது. சர்சேலின் லொஷேர் பகுதியில் 1955-ல் தொடங்கிய கட்டுமானம் இருபது ஆண்டு காலம் நடந்து பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை எழுப்பியது. ஊரின் பெயரை வைத்தே ‘சர்செலித்’ என்று ஒரு நோய்ப்பெயரை அந்நாட்டுப் பத்திரிகைகள் உண்டாக்கின. ஒரே மாதிரிப் பெட்டி வீடுகளில் அடைந்து கிடப்பவருக்கு வரும் மனச்சோர்வு என்று பொருள். கூரை வீட்டிலிருந்து போனவருக்கு அந்தப் பெட்டியில் வெந்நீர்க் குழாயும் சூடேற்றியும் இருந்தன. சோர்வெல்லாம் பிறகுதான்.

‘ஆஷ்-எல்-எம்’ என்பது மட்டான வாடகைக்குடியிருப்பு. 1894-ல் சீக்ஃபிரீட் சட்டத்தோடு ‘மலிவுக் குடியிருப்பு’ என்று தொடங்கிய ஏற்பாடு 1950-ல் இந்தப் பெயரைப் பெற்றது. நகராட்சி சார்ந்த வீட்டு வாரியங்களும் இலாப நோக்கில்லாத நிறுவனங்களும் கூட்டுறவுகளும் இதை நடத்துகின்றன. நம்மூர்க் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. நம் சங்கம் உறுப்பினருக்குக் கடன் கொடுக்கும், தவணை வசூலிக்கும், கடன் தீர்ந்ததும் பத்திரத்தைத் திருப்பித் தந்துவிட்டு விலகிக்கொள்ளும். அங்கே சங்கமே வீட்டுக்காரர். அது விலகுவதே இல்லை. குடியிருப்பவர் முறையிடுவதற்கு ஓர் இடம் எப்போதும் இருக்கிறது. மேலே சொன்ன ஓட்டைக்கும் இந்த வேறுபாட்டுக்கும் நேர்த் தொடர்பு உண்டு.

பெரிய வீடு கேட்கும் மனு எப்படி இருக்கும்? முதலில், புதிதாக வீடு கேட்பவரும் ஏற்கெனவே சங்க வீட்டில் இருந்துகொண்டு மாற்றம் கேட்பவரும் நிரப்புவது ஒரே படிவம்தான். பதிவானதும் நாடு முழுவதற்குமான ஒற்றை எண் ஒன்று கிடைக்கும். வருடாவருடம் அதைப் புதுப்பிக்கவேண்டும். ஒரு வருடம் மறந்தால் மனு தள்ளுபடியாகிவிடும். சேர்த்துவைத்த காத்திருப்புக் காலமும் அதோடு போய்விடும். படிவம் குடும்பத்தைத் தலை எண்ணுகிறது: யார் யார், பிறந்த தேதி, உறவு, வருமானம். பிறக்கப்போகும் குழந்தைக்கும் அதில் கட்டம் உண்டு. கர்ப்பம் பன்னிரண்டு வாரத்தைத் தாண்டியதற்கு மருத்துவச் சான்று இணைத்தால் வயிற்றில் இருப்பதும் ஒரு தலை. விவாகரத்தான தம்பதியிடம் மாறிமாறி இருக்கும் குழந்தையையும் கணக்கில் சேர்ப்பார்கள். ஆனால் காரைக்காலிலிருந்து மூன்று மாத விசாவில் வந்து கூடத்து சோபாவில் படுத்துக்கொள்ளும் அம்மா கணக்கில் வரமாட்டார்.

யார் வீடு தருகிறார் என்பதில் நம்மவர்களிடையே குழப்பம் அதிகம். ‘மேரியில சொல்லி வச்சிருக்கேன்’ என்பார்கள், அதாவது நகராட்சி அலுவலகத்தில். நகராட்சிக்குப் பங்கு உண்டுதான். பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு வீடுகளுக்கு அது பெயர் பரிந்துரைக்கலாம். அரசின் சார்பில் மாவட்ட ஆட்சியர் போன்ற ‘பிரெஃபெ’வுக்கு முப்பது சதவீதம் வரை ஒதுக்கீடு. தொழிலாளர் சம்பளத் தொகையில் 0.45 சதவீதத்தை நிறுவனங்கள் கட்டும் ‘அக்சியோன் லொஜ்மான்’ நிதிக்கும் ஒரு பங்கு. ஐம்பது பேருக்கு மேல் வேலைசெய்யும் கம்பெனியில் இருந்துகொண்டு இந்த வழியை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். பரிந்துரை யாருடையதாக இருந்தாலும் முடிவு சங்கத்தின் ஒதுக்கீட்டுக் குழுவுடையது. காலியான ஒவ்வொரு வீட்டுக்கும் பொதுவாகக் குறைந்தது மூன்று மனுக்களைக் குழு பார்க்கவேண்டும் என்பது விதி. பாரிஸ் நகரம் 2014-லேயே மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. இட நெருக்கடிக்கு அதில் தனிப் புள்ளி. 2018-ன் எலான் சட்டம் பெரிய ஊர்களுக்கெல்லாம் இதை விரித்தது.

இட நெருக்கடி என்றால் என்ன? சட்டம் ஒரு கணக்கும் புள்ளிவிவரத் துறை இன்னொரு கணக்கும் வைத்திருக்கின்றன.

கணவன், மனைவி, பதினான்கு வயது மகள், பன்னிரண்டு வயது மகன், நிரந்தரமாக அங்கேயே வந்துவிட்ட பாட்டி என்று ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். இருப்பது ‘எஃப் மூணு’: கூடம் ஒன்று, படுக்கையறை இரண்டு, மொத்தம் 58 சதுர மீட்டர், நம் கணக்கில் 624 சதுர அடி. பிரெஞ்சுப் புள்ளிவிவர நிறுவனமான இன்சே அறைகளை எண்ணுகிறது. பொதுக்கூடம் ஒன்று, தம்பதிக்கு ஒன்று, தனியாக உள்ள பெரியவருக்கு ஒன்று; ஏழு வயதைத் தாண்டிய ஆணும் பெண்ணுமாக இரு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒன்று. ஆக ஐந்து அறை வேண்டும், இருப்பது மூன்று. கடும் நெருக்கடி என்று இன்சே குறித்துக்கொள்ளும். சட்டமோ சதுர மீட்டரை அளக்கிறது. இரண்டு பேருக்கு 16, அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் 9, எட்டுப் பேரும் அதற்கு மேலும் 70. ஐந்து பேருக்கு 43 சதுர மீட்டர் போதும். இவர்களிடம் 58 இருக்கிறது. எனவே சட்டத்தின் கண்ணில் நெருக்கடியே இல்லை! அதே எஃப் மூன்றில் ஏழு பேர் அடைந்தால்தான் (தேவை 61) சட்டத்துக்கு மூச்சு முட்டும். வயசுக்கு வந்த பெண்ணும் தம்பியும் ஒரே அறையில் படுப்பது நம் வீடுகளில் எவ்வளவு பெரிய சங்கடம் என்பது சதுர மீட்டருக்குத் தெரியாது.

சட்டத்தின் அளவுகோல் ஏன் முக்கியம் என்றால், 2007 மார்ச் 5-ல் வந்த ‘தலோ’ சட்டம் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. வீடு கிடைப்பதை நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய உரிமையாக்கிய சட்டம் அது. 2006-ன் கடைசியில் பாரிசின் சேன்-மர்த்தேன் கால்வாய்க் கரையில் வீடற்றவர்களுக்காகச் சிவப்புக் கூடாரங்கள் போட்டு நடந்த போராட்டம் அதற்கு உடனடிக் காரணம். வீட்டில் சிறு பிள்ளையோ மாற்றுத்திறனாளியோ இருந்து, இடமும் மேற்சொன்ன அளவுக்குக் குறைந்தால் மத்தியஸ்தக் குழுவிடம் போகலாம். குழு ஏற்றுக்கொண்டால் பாரிஸ் வட்டாரத்தில் ஆறு மாதத்துக்குள் பிரெஃபெ வீடு காட்டவேண்டும். காட்டாவிட்டால் அரசின்மீது வழக்குத் தொடுக்கலாம். காட்டிய வீட்டைத் தக்க காரணமில்லாமல் மறுத்தால் முன்னுரிமை போய்விடும். வெறுமனே காத்திருந்து சலித்தவர்களுக்கும் இந்தக் கதவு திறக்கும். எவ்வளவு நாள் காத்திருந்தால் ‘அளவுக்கு மீறிய தாமதம்’ என்று ஒவ்வொரு மாவட்டமும் வரையறுத்திருக்கிறது. சேன்-சேன்-தெனி, வால்-துவாஸ் பகுதிகளில் மூன்று ஆண்டு. பாரிஸ் நகருக்குள் ஓரறை வீட்டுக்கு ஆறு, இரண்டு மூன்று அறைக்கு ஒன்பது, நாலும் அதற்கு மேலும் என்றால் பத்து ஆண்டு. பெரிய வீடு கேட்டால் காத்திருப்பும் பெரிது என்பதை அரசே எழுதிவைத்திருக்கிறது. பத்து வயதுப் பெண்ணுக்காக மனுப் போட்டு, வீடு வரும்போது அவளுக்குக் கல்யாண வயது.

2024-ல் சங்க வீட்டுக்காக வரிசையில் நின்றவர்கள் 27 இலட்சத்துக்கும் அதிகம். ஆண்டுக்கு ஒதுக்கப்படுவது நாலு இலட்சத்துக்கும் குறைவு. வரிசையில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஏற்கெனவே சங்க வீட்டில் இருந்துகொண்டு மாற்றம் கேட்பவர். இவர்களைத் திருப்திப்படுத்தினால் சங்கத்துக்கு நட்டமில்லை. எஃப் மூன்றிலிருந்து ஒருவர் எஃப் நாலுக்குப் போனால் அந்த எஃப் மூன்று இன்னொருவருக்கு ஆகும். ஆனால் பெரிய வீட்டிலிருந்து யாராவது வெளியேறினால்தானே சங்கிலி நகரும். பிள்ளைகள் போனபின்னும் ஐந்து அறையில் தனியாக இருக்கும் வயோதிகர் அங்கேயும் உண்டு. இடம் மிகுந்து கிடக்கும் வீட்டாருக்குச் சங்கம் சிறிய வீடு காட்டலாம். நெருக்கடிப் பகுதிகளில் மூன்று முறை காட்டியும் மறுத்தால் அங்கே நீடிக்கும் உரிமை போய்விடும் என்று 2009-ன் சட்டம் சொல்கிறது. அறுபத்தைந்தைத் தாண்டியவருக்கு விலக்கு உண்டு. அறைகள் பெரும்பாலும் சும்மா கிடப்பது அந்த வயதினர் வீட்டில்தான் என்பதால், விலக்கு மனிதாபிமானமானது, பலன் கொஞ்சம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. 1989 ஜூலை 6-ன் வாடகைச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு: ஒரே வீட்டுக்காரரின் ஒரே குடியிருப்பு வளாகத்தில் இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் வீடு மாற்றிக்கொள்ள விரும்பினால், அவற்றில் ஒன்றுக்கு மூன்று பிள்ளைகளாவது இருந்து, மாற்றத்தால் பெரிய குடும்பத்துக்குக் கூடுதல் இடம் கிடைக்குமானால், அது உரிமை. மூன்றாவது மாடிப் பாட்டியும் ஏழாவது மாடிக் குடும்பமும் பேசி முடித்துக்கொள்ளலாம். பல ஆண்டு வரிசையை மின்தூக்கியில் நடக்கும் ஓர் உரையாடல் சுருக்கிவிடக்கூடும். எல்லாப் படிவங்களையும்விட இது எனக்குப் பிடித்திருக்கிறது. அண்டை வீட்டாரோடு பேச்சு வைத்துக்கொள்கிறவர்களுக்குச் சட்டம் கொடுத்த வெகுமதி இது.

பிரிட்டனையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஈஸ்ட் ஹாம், ஹாரோ வட்டாரத் தமிழர்கள் கவுன்சில் வழியாகவோ வீட்டுச் சங்கம் வழியாகவோ கேட்கும்போது இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. அங்கே சட்டப்படியான நெருக்கடி அளவு 1935-ல் எழுதப்பட்டு 1985-ன் சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை கணக்கிலேயே இல்லை. பத்து வயதுக்குட்பட்டது அரை ஆள். கூடமும் படுக்கையறையாகக் கருதப்படும். நடைமுறையில் கவுன்சில்கள் இதைவிடத் தாராளமான படுக்கையறைக் கணக்கைத்தான் கையாள்கின்றன. காலியான வீடுகளின் பட்டியல் வரும், குடும்பங்கள் ‘பிட்’ போடும், முன்னுரிமைப் படியும் காத்திருந்த காலமும் வெற்றியைத் தீர்மானிக்கும். 2013 ஏப்ரலிலிருந்து, வேலைசெய்யும் வயதினருக்கு ஓர் அறை மிகுந்திருந்தால் உதவிக்குரிய வாடகையில் 14 சதவீதம், இரண்டு என்றால் 25 சதவீதம் வெட்டு. பெரிய வீட்டைக் காலிசெய்ய வைக்கப் பிரான்சு கெஞ்சுகிறது, பிரிட்டன் பணத்தில் கைவைக்கிறது.

திரும்பவும் பிரெஞ்சுப் படிவத்துக்கு வருவோம். அதில் ஒரு கேள்வி காரைக்கால்காரரைத் தயங்க வைக்கும்: உங்களுக்குச் சொந்தமாக வேறு வீடு இருக்கிறதா? தேவைக்கும் சக்திக்கும் ஏற்ற சொந்த வீடோ, தனியாரிடம் வாடகைக்குப் போகுமளவு வருமானம் தரும் வீடோ குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் அதைக் காரணமாகக் காட்டிச் சங்க வீட்டை மறுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. சர்சேலில் 58 சதுர மீட்டரில் நெருக்கிக்கொண்டு முப்பது வருடம் சேமித்ததைக் காரைக்கால் பக்கத்தில் மாடி வீடாகக் கட்டியவர்கள் உண்டு. முன்னால் கிரானைட் தூண், மேலே இரண்டு தளம், பால்கனி, இணைப்புக் குளியலறைகள். வருடத்தில் பத்து மாதம் பூட்டு. அந்த வீடு பாரிசில் வேலை பார்ப்பவரின் ‘தேவைக்கு ஏற்ற வீடு’ என்று எந்தக் குழுவும் வாதிடுவது கடினம். வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வருமானம் பேச்சில் வரும். எதுவானாலும் மறைப்பது தப்பு, ஆபத்தும்கூட. ஆனால் என்னைக் குடைவது வேறு. அறை இல்லாத குடும்பம் ஓரிடத்தில், குடும்பம் இல்லாத அறைகள் இன்னோரிடத்தில். இது வெளிநாடு போனவர்களின் தனிக்கதையும் அல்ல. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் காலியாகக் கிடந்த வீடுகளும் கட்டடங்களும் சுமார் 2 கோடியே 47 இலட்சம்.

இனி நம் கணக்கு. 2012-ல் அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு, நகர்ப்புற இந்தியாவில் 1 கோடியே 87.8 இலட்சம் வீடுகள் பற்றாக்குறை என்றது. அந்த எண்ணை வைத்துத்தான் பெரிய திட்டங்களெல்லாம் பேசப்பட்டன. அதன் உட்பிரிவை யாரும் மேடையில் படிப்பதில்லை. வீடே இல்லாதவர்களால் வரும் பற்றாக்குறை 5.3 இலட்சம். குடியிருக்க லாயக்கற்ற கச்சா வீடுகள் 9.9 இலட்சம். காலாவதியான பழைய வீடுகள் 22.7 இலட்சம். மீதி 1 கோடியே 49.9 இலட்சம் இட நெருக்கடி! அதாவது, தலைக்கு மேல் கூரை இருந்தும் திருமணமான தம்பதிக்குத் தனி அறை இல்லாத குடும்பங்கள். பற்றாக்குறையில் ஐந்தில் நாலு பங்கு, ‘இன்னோர் அறை வேண்டும்’ என்கிற கோரிக்கை. அந்தக் கோரிக்கையைக் கொடுக்க ஒரு ஜன்னல் இல்லை.

திட்டங்கள் வேறு கேள்வி கேட்கின்றன: கூரையா, கான்கிரீட்டா? தமிழ்நாட்டின் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் (2010) 200 சதுர அடி, அடுத்து வந்த பசுமை வீடு 300, 2024-ன் கலைஞர் கனவு இல்லம் 360. மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி, சமையலிடமும் அதற்குள். அளவு ஏறிவந்திருப்பது உண்மை, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் குடும்பத்தில் எத்தனை பேர் என்று இவற்றில் எதுவும் கேட்பதில்லை. இருவருக்கும் எழுவருக்கும் ஒரே தொகுப்பு வீடு. பிரெஞ்சுச் சட்டத்தின் குறைந்தபட்சக் கணக்கில் 25 சதுர மீட்டர் சரியாக மூன்று பேருக்கு ஆகும்; நாலாவது ஆள் வந்தால் அது நெருக்கடி. நாலு பேர் என்றாலே அங்கே சட்டத்தின் கடைசிப் படி நம் திட்டத்தின் முதல் படியைவிட உயரத்தில் இருக்கிறது. நாட்டின் செல்வம் வேறு, உண்மைதான். ஆள் எண்ணிக்கையைக் கேட்பதற்குச் செல்வம் தேவையில்லையே.

அடுத்த குறை, வீடு ஒருமுறைதான். 2015 ஜூனில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில், குடும்பத்தில் எவர் பெயரிலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. 2024-ல் வந்த இரண்டாம் பதிப்பில், கடந்த இருபது ஆண்டுகளில் எந்த அரசுத் திட்டத்திலாவது வீடு பெற்றவர்கள் விலக்கப்படுகிறார்கள். இருபது வருடத்தில் ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்பது கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். எனவே மணமான மகன் தனிக் குடும்பமாகி, வீடில்லாதவர் என்று தன் பெயரில் கேட்கலாம். கேட்கிறார்கள். தனி அடுப்பு, தனி ரேஷன் கார்டு என்று நம் குடும்பங்கள் காகிதத்தில் சீக்கிரமே பிரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் தானே கட்டிக்கொள்ளும் பிரிவில் மானியம் வாங்க மனை வேண்டும். இருக்கும் மனை தாத்தா பெயரில், பாகம் பிரியாமல், மூன்று சித்தப்பாக்களின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும். இலவச மனைப்பட்டாவில் வந்த துண்டு நிலம் என்றால் அதில் ஏற்கெனவே அப்பாவின் வீடு நிற்கும். நிலமில்லாதவர்கள் நிறைந்த காவிரிக் கடைமடையில் இந்தக் கதவு பாதிப் பேருக்கு உள்ளிருந்தே தாழிட்டிருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில், சரியான யோசனை ஒன்று நகர்ப்புறத் திட்டத்தின் முதல் பதிப்பிலேயே இருந்தது. இருக்கும் கான்கிரீட் வீடு 21 சதுர மீட்டருக்குக் குறைவாக இருந்தால், புதிதாக 9 சதுர மீட்டராவது சேர்த்து விரிவாக்க மானியம் பெறலாம் என்று விதிமுறை சொன்னது. ஒன்பது சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 97 சதுர அடி, பத்துக்குப் பத்து அறைக்குக் கொஞ்சம் குறைவு. பிரெஞ்சுச் சட்டம் ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் வைத்த அதே ஒன்பது. கொல்லைச் சுவரோரம் கம்பம் நடும் விழிதியூர்க் குடும்பத்துக்கு வேண்டியது இதுதான்: ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒழுகாத கூரை. புது வீடு கட்டும் செலவில் ஒரு பங்குதான் ஆகும். மனை வாங்கவேண்டாம், ஊரைவிட்டுப் போகவேண்டாம். ஆனால் 21 சதுர மீட்டர் என்ற வாசல் மிகத் தாழ்வு; 25 சதுர மீட்டர் தொகுப்பு வீட்டில் எட்டுப் பேர் இருந்தாலும் உள்ளே நுழையமுடியாது. வீட்டின் அளவை ஆளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் ஒரே ஒரு வரி விதிமுறையில் இருந்திருந்தால் கதையே வேறு.

ஏன் அப்படி ஒரு வரி எழுதப்படுவதில்லை? இடித்த கூரையும் எழுந்த கான்கிரீட்டும் கணக்குக் காட்ட வசதி. திறப்புவிழாவுக்கும் சாவிக்கொத்துக்கும் படம் எடுக்கலாம். பின்புறம் சேர்த்த அறைக்கு ரிப்பன் கட்ட முடியாது. சொந்தவீடாகக் கொடுத்துவிட்டால் அரசின் பொறுப்பு முடிந்தது என்ற நினைப்பும் இருக்கிறது. வாடகைச் சங்கத்தில் உரிமை சங்கத்துடையது என்பதால் அங்கே குறைகேட்கும் நாற்காலி காலியாவதில்லை. அதற்காக வாடகை முறைதான் மேல் என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வருடம் வாடகை கட்டியவரின் பிள்ளைக்கு எஃப் மூன்றில் செங்கல் ஒன்றும் சொந்தமில்லை. தொகுப்பு வீட்டில் குறைந்தபட்சம் பாகம் கேட்டுச் சண்டை போடலாம். சொந்தமும் இருக்கட்டும், முறையிடும் இடமும் இருக்கட்டும். இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அந்த இடம் உண்டாகும் வரை, நெருக்கடியை வீடுவீடாகப் பதிவுசெய்ய நமக்கு இருப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒன்றுதான். 2027 கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியலில் அடுத்தடுத்து வரும் இரண்டு கேள்விகள் முக்கியமானவை: குடும்பத்தின் பயன்பாட்டில் எத்தனை அறைகள், வீட்டில் எத்தனை திருமணமான தம்பதிகள்? குண்டு குழு கண்ட அந்த ஒன்றரைக் கோடிக்கு அடிப்படை இப்படிப்பட்ட பதில்கள்தான். 2011-ல் நாட்டின் குடும்பங்களில் 37 சதவீதம் ஓரறையிலும், கிட்டத்தட்ட 4 சதவீதம் தனக்கென்று ஓர் அறைகூட இல்லாமலும் இருந்ததாகத் தெரியவந்ததும் இந்தக் கேள்வியால்தான். கணக்கெடுப்பின் இலக்கணப்படி அறை என்றால் சுவரும் வாசலும் வேண்டும். நீளம் இரண்டு மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர், உயரம் இரண்டு மீட்டராவது இருக்கவேண்டும். அடுப்படி, குளியலறை, நடை, படுக்க லாயக்கில்லாத தாழ்வாரம் எதுவும் அறையல்ல. எனவே கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கும்போது கௌரவம் பார்த்துச் சாய்ப்பையும் திண்ணையையும் சேர்த்து ‘நாலு ரூம்’ என்று சொல்லவேண்டாம். இருப்பது இரண்டென்றால் இரண்டு என்றே சொல்லுங்கள். தம்பதிகள் மூன்றென்றால் மூன்று என்று எழுதச் சொல்லுங்கள்.